கொழுந்துக்காரி ஜெயித்த ஆட்டம்

6 ஜூன் 1986, வெள்ளி. நோர்வூட்.

ஆட்டத்தின் முடிவு இன்று தபாலில் வந்துவிட்டது. எட்டு மாதமாக ஐந்து பேர் கடிதத்திலேயே ஆடும் ஆட்டம். ஆளுக்கொரு வேஷம். நாங்கள் செய்வதை எழுதி அனுப்புவோம். என்ன நடந்தது என்று ஹட்டன் கடைக்கார நசீர் பாய் பதில் எழுதுவார்.

மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று எடுத்தார்கள். நான் எடுத்தது தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள் வேஷம். "வாள் பிடிக்கத் தெரியாதவளுக்கு இதுல என்ன வேலை?" என்று லிந்துலை செல்வம் மாஸ்டர் எழுதியிருந்தார். அவர்தான் வீரன். இந்தத் தடவையும் நான் உதவாவிட்டால் விலக்கிவிடுவதாகப் பேச்சு.

கடைசியில் கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு செங்குத்து மலை. மூடுபனியில் எதுவும் தெரியவில்லை. மந்திரம் பலிக்கவில்லை. வீரன் சறுக்கி விழுந்தான். நான் எழுதினேன்: "செடித் தூரைப் பிடிச்சு, காலைப் பக்கவாட்டுல வச்சு, ஒருத்தருக்கொருத்தர் குரல் குடுத்துக்கிட்டே என் பின்னால வாங்க."

ஐந்து பேரும் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்!

சாயங்காலம் செல்வம் மாஸ்டர் பஸ் ஏறி வந்தார். "டீச்சர், அடுத்த ஆட்டத்துல நீங்கதான் முன்னால போகணும்" என்றார்.

மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தக் கொழுந்துக்காரிக்கு என்னா பேரு வச்ச?"

"ஒங்க பேருதாம்மா."

"அப்ப நான்தான் ஜெயிச்சேன்னு சொல்லு!"

பக்கத்து வீட்டுக் காம்பராவில் போய் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கிறது.