துக்கம் இல்லாத துணி

பிப்ரவரி 3
வாளியில் ஊறும் இலைகள் நாறத் தொடங்கிவிட்டன. சதை அழுகிக் கழன்றால்தான் நரம்பு வலை தனியே வரும். அவற்றைப் பட்டு நூலால் ஒன்றோடொன்று தைத்தால் துணி. இரண்டு வருஷத்தில் ஒரு போர்வை அளவு வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, குளிக்க வாளி கிடைக்குமா, இல்லை அதுவும் கலையா என்றார்.

பிப்ரவரி 11
கண்காட்சிப் பொறுப்பாளர் வந்தார். வெள்ளைக் கையுறை மாட்டித் துணியைத் தொட்டார். ஏன் இலை பொறுக்க ஆரம்பித்தீர்கள் என்றார். சர்க்கரை, டாக்டர் தினம் நடக்கச் சொன்னார், சும்மா நடக்க அலுப்பாக இருந்தது என்றேன். முகம் தொங்கிப்போயிற்று. "வேற ஏதாவது... இழப்பு?" என்று இழுத்தார். போன மாதம் குடையைத் தொலைத்தேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 20
துணிக்குப் பக்கத்தில் வைக்கும் வாசகத்தை அனுப்பியிருக்கிறார்: ‘பிறக்காத மகளுக்கு ஒரு தாயின் போர்வை.’ எனக்கு இரண்டு மகன்கள். இரண்டும் தடிமாடுகள். போன் செய்தால், அது குறியீடாம். இந்த வாசகம் இருந்தால்தான் நடு ஹால் என்பதையும் தேன் தடவிச் சொன்னார்.

நடு ஹால் ஆசை யாரை விட்டது? சரி என்றுவிட்டேன்.

மார்ச் 2
திறப்பு விழா. ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து விசும்பினார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன், பட்டவள் மாதிரி. வெட்கங்கெட்ட ஜென்மம்.

அப்போதுதான் அக்கா வந்தாள். வாசகத்தைப் படித்தாள். மறுபடி படித்தாள். அவளுக்குத்தான் ஏழாம் மாதத்தில்— பெண் குழந்தை. இருபது வருஷம் ஆயிற்று. எப்படி மறந்தேன்? மறந்தேனா, மறந்த மாதிரி இருந்தேனா?

"நல்லா எழுதியிருக்காங்கடி" என்றாள். போய்விட்டாள்.

மார்ச் 3
வாசகத்தை எடுக்கச் சொன்னேன். "அப்புறம் இது வெறும் இலை மேடம்" என்றார் பொறுப்பாளர். ஆமாம், இலைதான் என்றேன். சாயங்காலத்துக்குள் நடு ஹாலில் யாருடைய கிழிந்த மீன்வலையோ தொங்கியது. என் துணி, கழிப்பறைக்குப் போகும் நடையில். பழகின வாசனைதானே என்றார் வீட்டுக்காரர்.

மார்ச் 4
அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 9
அந்த நடையில் எப்போதும் வரிசை. அடக்கிக்கொண்டு நிற்கிறவர்களுக்குப் பார்க்க வேறென்ன இருக்கிறது? நடு ஹாலில்கூட என் துணியை யாரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

இன்று அந்த வரிசையில் அக்கா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துணிக்கு மிக அருகில் குனிந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். மன்னித்துவிடு என்றேன். ஒரு தையலை விரலால் காட்டி, "இலை கிழியாம ஊசி எப்படிடி போகுது?" என்றாள்.

சொல்ல ஆரம்பித்தேன். பின்னால் நின்றவர், உங்கள் முறை வந்துவிட்டது, போகிறீர்களா என்று கேட்டார்.

"நீங்க போங்க" என்றாள் அக்கா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.