போயிட்டு வரேன், ஏழு மணிக்கு

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் ஆறிப்போன சோறு. சூடு பண்ணினால் தாளிப்பு வாசனை வருகிறதென்று வேலையிடத்து ஓய்வறையில் முகம் சுளிக்கிறார்கள். பரவாயில்லை, தின்கிறேன். பேருந்தில் யார் பக்கத்திலும் உட்காருவதில்லை. யாரிடமும் வயது கேட்பதில்லை, எத்தனை பிள்ளைகள் என்று கேட்பதில்லை. இந்த நாட்டுக்கு வந்த ஐந்து மாதத்தில் எவ்வளவு சமர்த்தாகிவிட்டேன்!

முதியோர் இல்லத்து வேலையில் சோதனைக் காலம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. வேலை நிரந்தரமானால்தான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இங்கே தங்க அனுமதி. வாயை அடக்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

மேற்பார்வை மேடம் கூப்பிட்டார். ஒன்பதாம் அறைத் தாத்தா, நாற்பது வருஷம் பேருந்து ஓட்டியவர், நேற்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லையாம். “அந்தப் பொண்ணு போயிட்டு வரேன்னு சொல்லிச்சு. வரட்டும், சாப்பிடறேன்” என்று கதவையே பார்த்திருக்கிறார். நானோ இரண்டு மணிக்கே வேலை முடிந்து வந்துவிட்டேன். கிளம்பும்போது நம் ஊரில் சொல்வதைத்தான் அவர்கள் பாஷையில் சொன்னேன்.

“போறேன்னு சொல்லுங்க. வராம வரேன்னு சொல்றது பொய்” என்றார் மேடம்.

பொய்யா? இன்று காலை வந்து நின்றேனே! போறேன் என்பது பாடையில் போகிறவர்கூடச் சொல்லாத வார்த்தை.

மார்ச் 6, வெள்ளி

வாயே திறக்காமல் நழுவி வந்தேன். திருடி மாதிரி.

மார்ச் 9, திங்கள்

“வெள்ளிக்கிழமை ஏன் சொல்லிக்காம போனே?” டிரைவர் தாத்தாவுக்குக் கோபம். நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். “வரேன்னா எத்தனை மணிக்குன்னு சொல்லணும். நேரம் போடாத பஸ்ஸுக்கு எவன் நிப்பான்?”

அட! சொல்லிவிட்டேன்: “போயிட்டு வரேன். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு.”

மார்ச் 10, செவ்வாய்

ஏழு மூன்றுக்கு நுழைந்தேன். கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கிழவருக்குக் கொழுப்பு. இரவு நன்றாகச் சாப்பிட்டாராம்.

மார்ச் 17, செவ்வாய்

மேடம் காதில் விழுந்துவிட்டது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். இன்னொரு தடவை சொன்னால் நிரந்தரம் கிடையாதாம். நேரத்தோடுதானே சொல்கிறேன் என்றேன், எடுபடவில்லை.

வீட்டில் இவர் வேறு. “ஊரோட ஒத்துப் போயேன். ஒரு வார்த்தைதானே?”

ஒரு வார்த்தைதான்! படுத்துக் கிடக்கற மனுஷன் மூஞ்சியைப் பார்த்து எப்படிய்யா போறேன்னு சொல்றது? சோத்தை விட்டேன், பேச்சை விட்டேன். இதையும் விட்டா என்கிட்ட மிச்சம் என்ன இருக்கு?

மார்ச் 18, புதன்

இன்றும் சொன்னேன். மேடம் இல்லாதபோது, கிசுகிசுப்பாக. கோழைத்தனம்தான்.

மார்ச் 23, திங்கள்

டிரைவர் தாத்தாவை இடுப்பு அறுவைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயது எண்பத்து நாலு. வாசலில் எல்லோரும் நின்றோம், மேடமும். தள்ளுபடுக்கையிலிருந்து தலையைத் தூக்கினார். என்னைத் தேடிப் பார்த்து, “போயிட்டு வரேன்” என்றார்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் காது கேட்காத மாதிரி நின்றிருக்கலாம்.

“எத்தனை மணிக்கு?” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

“அடுத்த வாரம் செவ்வாய். நாலு மணி.”

“வந்து சேருங்க. நான் நிப்பேன்.”

வேலை போனால் போகட்டும்.

மார்ச் 31, செவ்வாய்

சோதனைக் காலத்தின் கடைசி நாள். இரண்டு மணிக்கு வேலை முடிந்தது, நான் கிளம்பவில்லை. ஒன்பதாம் அறையில் விரிப்பை மாற்றினேன். மாற்றியதையே மறுபடியும் இழுத்துச் சரிசெய்தேன்.

மூன்றரைக்கு மேடம் வந்தார், கையில் என் வேலைக் கோப்பு. “வீட்டுக்குக் கிளம்பலையா?”

“நாலு மணிக்கு ஒருத்தர் வரார்.”

மேடம் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். நாலு ஆயிற்று. நாலு பத்து. மேடம் கடிகாரத்தைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக இருந்தார்.

நாலு பதினேழுக்கு வண்டி வந்தது. சக்கர நாற்காலியில் பாதியாய் இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முறைத்தார். “பதினேழு நிமிஷம் லேட். வண்டி நான் ஓட்டலை.”

சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான்.

மேடம் என் கோப்பைத் திறக்கவே இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து கேட்டார்: “நாளைக்கு எத்தனை மணிக்கு?”

“ஏழு மணிக்கு, மேடம். போயிட்டு வரேன்.”