திரையில் என் முகம்

அன்பு அக்காவுக்கு,

நான் நடித்த படத்தை நேற்று போட்டுக் காட்டினார்கள். சுவர் அளவுக்கு என் முகம். அப்படி ஒரு முகம் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது. கொட்டகையே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. எனக்கும் மெய்சிலிர்த்துவிட்டது.

கழுத்தை நெரிக்கிற காட்சி அது. வில்லனாக நடித்தவர் பரம சாது. அவர் கை பட்டால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. படம் எடுக்கிறவர் என் வீட்டுக்காரர் அல்லவா, பொறுமை இழந்துவிட்டார். "இவ முகத்துல பயமே வரல. நீங்க நகருங்க, நான் பண்றேன்" என்று அவரே வந்து நின்றார். கேமராவில் கைகள் மட்டும்தான் தெரியும். "என்ன ஆனாலும் நிறுத்தாதீங்க" என்று கேமராக்காரரிடம் சொன்னார்.

முடிந்ததும் தண்ணீர் கொடுத்து, "இந்த முகத்துக்குத்தான் இத்தனை மாசமா காத்திருந்தேன்" என்று கண்கலங்கினார். அவரைப் போல ஒரு கலைஞர் கிடையாது அக்கா. அடுத்த படத்துக்கும் நான்தான். விழுங்கும்போது கொஞ்சம் வலிக்கிறது, வேறொன்றுமில்லை.

படம் உங்கள் ஊருக்கும் வரும். நீ மட்டும் போகாதே. பேசும் படம் இல்லை என்பதால் எல்லோரும் என் நடிப்பைப் புகழ்கிறார்கள். உனக்குக் காது கேட்காவிட்டாலும் உதட்டசைவே போதும். அந்த இடத்தில் நான் அவரிடம் என்ன சொல்லிக் கெஞ்சினேன் என்று உனக்குத் தெரிந்துவிடும்.

உன் தங்கை