அய்யன் நட்ட டேலியாக் கிழங்கு

சிங்காநல்லூர்
8-2-1959

அன்பு மகள் ராமாமணிக்கு அம்மா முத்தாத்தாள் வாய் நிறைய வாழ்த்தி எழுதுவது. சென்னிமலையான் தயவில் நானும் உன் அய்யனும் இங்கே சுகமாகவே இருக்கிறோம், டேராடூன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது, சின்னவனுக்கு இருமல் விட்டதா, நான் சொன்னபடி கற்பூரவல்லிச் சாறு கொடுத்தாயா, அங்கே கற்பூரவல்லி கிடைக்காது என்று சாக்குச் சொல்லாதே, போகும்போது ஈரத்துணியில் சுற்றி ஒரு கொத்து கொடுத்துத்தான் அனுப்பினேன்.

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. நான் டேலியாவைப் பற்றிக் கேட்டால் நீ பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவியின் கோழி அடை உட்கார்ந்ததை எழுதுகிறாயே, உனக்கு என்னதான் வந்தது என்று கோபித்துக்கொண்டிருந்தாய். உன் கோபம் நியாயம்தான் கண்ணு. எழுதக் கூடாது என்று எனக்கு வாய்ப்பூட்டு போட்டிருந்தார் உன் அய்யன். இப்போதுதான் பூட்டுக் கழன்றது. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து படி, நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

உன் அய்யனுக்கு நெஞ்சுவலி வந்த பிறகு, தோட்டத்தில் தனியாக இருக்க வேண்டாம், டாக்டர் பக்கத்தில் இருக்கட்டும் என்று நீங்கள் இருவரும் உங்கள் வீட்டிலேயே எங்களைக் குடிவைத்துவிட்டு மாப்பிள்ளையின் காட்டிலாகா வேலைக்காக வடக்கே போனீர்கள். அன்றைக்கு அவர் மாப்பிள்ளை முகத்துக்காகத் தலையை ஆட்டினாரே தவிர மனசு ஒப்பவில்லை. பெண் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா என்ற எண்ணம் அவருக்கு நெஞ்சுவலியை விடப் பெரிய வலியாக இருந்தது. யாராவது தெருவில் பார்த்து, பொண்ணு ஊட்டுலயேதான் இருக்கீங்களாக்கும் என்று கேட்டால், இல்லீங்க, சும்மா காவலுக்கு இருக்கறனுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து என்மேல் எரிந்து விழுவார். சாம்பாரில் உப்பு இல்லை என்பார், குழாய்த் தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்பார், மில் சங்கு காதைப் பிளக்கிறது என்பார். எனக்கோ அந்தச் சங்குதான் கடிகாரம், காலைச் சங்குக்கு உலை வைத்தால் சரியாக இருக்கிறது. குழாயைத் திருகினால் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம், சுவருக்கு அந்தப் பக்கம் ரம்ஜான் பீவி, இதை விட்டுவிட்டுப் போக எனக்கு என்ன தலையெழுத்தா. ஊர்க்காரர்கள் தோட்டத்துச் சாளை வீட்டைப் பற்றி என்ன சொன்னாலும் சொல்லட்டும், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு கிடையாது, நீயும் படிக்கப் போன பிறகு நாள் முழுக்க மாட்டோடுதான் பேசிக்கொண்டு கிடந்தேன். இதையெல்லாம் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, பாடுபட்டுச் சேர்த்த மண்ணைக் குறை சொன்னால் அவர் மனசு என்ன பாடுபடும் என்று விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஆவணியில் என் அண்ணன் மகன் தம்பிதுரை டில்லிக்குப் போனவன் உங்களையும் பார்த்துவிட்டு, நீ கொடுத்த டேலியாக் கிழங்கை மணலோடு சாக்குப்பையில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். பையைப் பிரித்ததும் உன் அய்யன் முகத்தில் எத்தனையோ நாள் கழித்து ஒரு களை வந்தது. கிழங்கைக் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கிறார், நகத்தால் கீறிப் பார்க்கிறார். தம்பிதுரை பாவம், மாமா, ராமாமணி நங்கை சொல்லியுட்டாங்க, தண்டோட அப்படியே நடோணுமாமுங்க, ஒடைக்கப்புடாதாமுங்க என்று ஆரம்பித்தான். அவர் முடிக்க விடவில்லை. ஏன்டா, நீ பொறக்கறதுக்கு முன்னாலிருந்து மஞ்சள் போடறவன் நான், கெழங்கு நடறதுக்கு எனக்கு நீ சொல்லித்தாரயா என்று ஒரு அதட்டு அதட்டினார். பையன் காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடிவிட்டான்.

புரட்டாசி பிறந்ததும் கிழக்குச் சுவரோரம் பாத்தி கொத்தினார். ஒரேயடியாகக் கொத்தாதீர்கள், நெஞ்சு என்ன ஆவது என்று நான் கத்தக் கத்த, கொஞ்சம் கொத்துவதும் உட்காருவதுமாக முடித்தார். பால்காரர் கொட்டகையிலிருந்து மக்கிய சாணம், அடுப்புச் சாம்பல், வேப்பம் புண்ணாக்கு எல்லாம் போட்டு மண்ணைப் புட்டு மாவு போல ஆக்கிவிட்டார். அப்புறம் மஞ்சளுக்குச் செய்கிற மாதிரியே ஒவ்வொரு கொத்தையும் எடுத்து விரல் விரலாக ஒடித்து, நல்ல திரட்சியான விரலாகப் பொறுக்கி வரிசையாக நட்டார். நடுவில் இருந்த காய்ந்த தண்டையும், விரல்களெல்லாம் வந்து சேருகிற அதன் அடிக் கொண்டையையும் இது எதுக்காகும் என்று சொல்லிக் கொல்லைக் குப்பையில் வீசிவிட்டார். நான் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மஞ்சளில் எந்த விரலை ஒடித்து நட்டாலும் முளைத்துவிடுமே, நமக்குத் தெரிந்த கிழங்கு அதுதானே.

கையைக் கழுவிக்கொண்டு வந்து திடீரென்று ஒரு வார்த்தை சொன்னார். இந்த மண்ணு என்னைய ஏத்துக்குதான்னு பார்த்துப்போடறேன், தீவாளிக்குள்ள மொளைச்சா இருக்கறேன், இல்லீன்னா நம்ம தோட்டத்துக்கே போயிர்லாம், நீ மறுபேச்சுப் பேசப்புடாது, டேராடூன்ல இருக்கற அம்மிணிக்கும் எழுதப்புடாது என்றார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அது கல்லில் வெட்டினது என்று உனக்குத் தெரியாதா. அன்றிலிருந்து அந்தப் பாத்திக்கு நான் செய்த பணிவிடையை உனக்குப் பிள்ளைப்பேறு பார்த்தபோது கூடச் செய்திருக்க மாட்டேன். அவர் காலையில் தண்ணீர் விட்டால் நான் அவருக்குத் தெரியாமல் அரிசி களைந்த தண்ணீரை விடுவேன். முருகனுக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டேன், என் முடி இல்லை, உன் அய்யன் முடியைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துப் பாத்தியில் கீரை கூட இரண்டு தடவை பறித்தாயிற்று, டேலியாப் பாத்தி மொட்டையாகவே கிடந்தது. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் விரலால் நோண்டி ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அழுகவும் இல்லை, வாடவும் இல்லை, நேற்று நட்ட மாதிரி கொழுக்கென்று இருந்தது. மறுபடி புதைத்துவிட்டு வந்து, உங்களுக்கு எழுதும் கடிதத்தில் கோழியைப் பற்றி எழுதினேன்.

தீபாவளியும் வந்தது. ஒரு முளை இல்லை. அன்றைக்கு ரம்ஜான் பீவிக்குப் பலகாரம் கொடுக்கப் போனபோது, ஏனக்கா, உங்க கொல்லைக் குப்பையில என்னமோ செகப்புத் தண்டா எழும்பி நிக்குதே, என்ன செடியக்கா என்று கேட்டாள். என்ன களையோ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன், நான் இருந்த இருப்பில் குப்பையை யார் பார்த்தார்கள். பெட்டியை எப்போது கட்டச் சொல்வாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். கை நிறையக் கிழங்கு, எல்லாம் முழுசாக இருந்தது. ஒன்றைத் திருப்பிக் காட்டி, இத பாரு, இதுல எங்கயுமே கண்ணு இல்ல, கண்ணெல்லாம் கழுத்துல இருந்திருக்குது, நான் கழுத்தை ஒடிச்சு வீசிப்போட்டு ஒடம்பை நட்டு வெச்சிருக்கேன், தப்பு என்ற மேலதான், மண்ணு மேல ஒண்ணுமில்ல என்றார். ராமாமணி, எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன் அய்யன் வாயில் தப்பு என்ற சொல் தன்னைக் குறித்து வந்து நான் கேட்டதில்லை. அவர் நினைத்திருந்தால் அந்தக் கிழங்கை மண்ணோடு மண்ணாக மூடிவிட்டு, பார்த்தாயா, இந்த மண் ஆகாது, கிளம்பு என்று சொல்லியிருக்கலாம். நானும் வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருப்பேன். அவர் மனசுக்குப் பிடித்த இடத்துக்குப் போக வழி திறந்து கிடந்தும் அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த பிரியத்தை எழுதத் தெரியவில்லை.

அப்போதுதான் பீவி சொன்னது ஞாபகம் வந்து, அவரைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். குளிக்கிற அறைத் தண்ணீர் ஓடுகிற இடத்தில், சாம்பலுக்கும் தேங்காய் மட்டைக்கும் நடுவில், அவர் வீசின கொண்டைகளில் நாலைந்து தடித்த தளிராக எழும்பி நின்றது. ஒவ்வொன்றிலும் ஒடிபடாமல் தப்பின ஒரு சின்னக் கிழங்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார், பார்த்தார், அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். பீவி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, என்னக்கா, மாமாவும் நீங்களும் குப்பையைப் பார்த்துச் சிரிக்கிறீங்க என்று கேட்டாள்.

மண்ணோடு பெயர்த்துப் பாத்தியில் வைத்தோம். அப்புறம் அவர் செய்த சேவகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நுனி கிள்ளினார், மூங்கில் குச்சி ஊன்றி வாழைநாரில் தளர்வாகக் கட்டினார், இலையைத் திருப்பித் திருப்பிப் புழு பொறுக்கினார். மார்கழியில் மொட்டு விட்டதும் நடு மொட்டை மட்டும் விட்டுவிட்டுப் பக்கத்து மொட்டுகளைக் கிள்ள வேண்டும் என்று நீ எழுதியிருந்தாயே, அதை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை, உள்ளே போய்விட்டேன். பொங்கல் கழிந்து முதல் பூ விரிந்தது, அரக்குச் சிவப்பு, நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டில் பாதி இருக்கும். அடுத்தது வெள்ளை. வாசனைதான் துளியும் இல்லை, உன் ஊர்ப் பூவுக்கு அந்த ஒரு குறை உண்டு. மில் விட்டதும் போகிற பெண்கள் எல்லாம் வேலியில் நின்று பார்க்கிறார்கள். தலைக்கு ஒன்று தாங்கம்மா என்று ஒருத்தி கேட்டாள், அதைக் கேட்ட பீவி, இதைத் தலையில வெச்சா கழுத்துச் சுளுக்கிக்கும் அம்மணி என்றாள். உன் அய்யன் மாலைச் சங்கு ஊதினதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலியோரம் போய் நின்றுகொள்கிறார், கேட்கிறவன் கேட்காதவன் எல்லோருக்கும், கழுத்தோட நடோணுமுங்க, அதுல இருக்குதுங்க சூட்சுமம் என்று பாடம் நடத்துகிறார், என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி. போன வாரம் தம்பிதுரை வந்து, நான் அன்னைக்கே சொன்னனுங்களே மாமா என்றான். சொன்னே, ஆனா உரக்கச் சொல்லலையேடா என்று விட்டார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். செடி பூத்ததே தவிர, இருப்பதா போவதா என்று அவர் வாய் திறக்கவில்லை. சொன்ன கெடுவுக்குள் முளைத்தது குப்பையில்தானே, பாத்தியில் இல்லையே, அவர் எந்தக் கணக்கில் வைத்துக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. தைப்பூசத் தேர் முடிந்து, நம் தோட்டத்தைக் குத்தகைக்குப் பண்ணுகிற லட்சுமணசாமி சென்னிமலை பிரசாதத்தோடு வந்தார். நான் பீவி வீட்டுக்குப் போயிருந்தவள் பின்பக்கமாக வந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தேன், முன்னறையில் பேசுவது கதவுக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது. ஏனுங்க மாமா, மஞ்சள் வெட்டு முடியப்போகுது, சித்திரையில நீங்க வாரதா இருந்தா நான் ஒதுங்கிக்கறனுங்க, ஊர்ல எல்லாரும் நீங்க வந்துருவீங்கன்னுதான் பேசிக்கறாங்க, எத்தனை நாளைக்குங்க பொண்ணு ஊட்டுல இருப்பீங்க என்று கேட்டார். நான் ஊற்றிக்கொண்டிருந்த காப்பி டம்ளர் நிறைந்து தரையில் சிந்தியது.

உன் அய்யன் துண்டை உதறுகிற சத்தம் கேட்டது. அப்புறம், நீங்களே பண்ணுங்க, நான் வரலீங்க என்றார். ஊர்ல பேசறவங்க பேசட்டும், என்ற ஊட்டுக்காரிக்குத் தோட்டத்துல பயமுங்க, ராத்திரி நான் வயலுக்குத் தண்ணி கட்டப் போனா அருவாளைப் பாய்க்கு அடியில வெச்சுட்டுத்தான் படுப்பா, நான் வந்ததும் தூங்கற மாதிரி கெடப்பா, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்கறா, மண்ணை உட மனசில்லாம நானும் கண்டும் காணாம இருந்துபோட்டனுங்க, இங்க வந்துதான் அவ பாட்டுக்குச் சத்தமாச் சிரிக்கறா, அதைக் கேட்டுட்டு எப்படிங்க திருப்பிக் கூட்டிட்டுப் போறது என்றார். சொன்னது அவ்வளவுதான். பிறகு மஞ்சள் விலையைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

நான் சிந்தின காப்பியைத் துடைக்கிற சாக்கில் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். துக்கம் ஒன்றும் இல்லை, சந்தோஷம்தான். லட்சுமணசாமி போன பிறகு உள்ளே வந்தார், பாவம், புள்ளைகுட்டிக்காரன், நிலத்தைப் புடுங்கிக்கிட்டா எங்க போவான், அவனே பண்ணட்டும்னு சொல்லிப்போட்டேன் என்றார், என் முகத்தைப் பார்க்காமல். உங்க இஷ்டமுங்க என்று சொல்லிவிட்டுப் புதுக் காப்பி போட்டேன்.

வேறு விசேஷம் இல்லை. மாப்பிள்ளையை மலைக்காட்டில் சுற்றும்போது காதை மூடிக்கொள்ளச் சொல், நீயும் ஸ்வெட்டர் போடாமல் வாசலில் நிற்காதே. மஞ்சள் நிறத்தில் டேலியா கிடைத்தால் அனுப்பச் சொன்னார் உன் அய்யன், கோடை விடுமுறைக்கு வரும்போது கையோடு கொண்டுவந்தாலும் சரி. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், கை நிறைய மனசு நிறைய இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே கண்ணு, உன் அய்யனுக்குத் தனியாகக் கடிதம் எழுதினால் பூவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுது, லட்சுமணசாமி வந்ததைப் பற்றி ஒரு வரி எழுதிவிடாதே. நான் கதவுக்குப் பின்னால் இருந்தது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் நலமே நினைக்கும் அம்மா,
முத்தாத்தாள்