அம்மா எழுதிய நூற்றுப் பதினான்கு வரிகள்

அன்புள்ள சின்னுவுக்கு, அப்பா எழுதுவது.

நான் நலம் என்றுதான் டாக்டரும் சொல்கிறார். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். எதுவும் விட்டுப்போகாமல் இருக்க, எழுதப்போவதை முதலிலேயே எண் போட்டு வைக்கிறேன்:

1. வீட்டு நிலவரம்.
2. நம் ஷிப்ட் மென்பொருளுக்கு ஒரு கம்பெனி கேட்கும் இரண்டாவது உரிமம்.
3. அதற்கு உன் கையெழுத்து. அம்மாவின் பங்கு சிறியது என்பதால் இது வெறும் சம்பிரதாயம்.

வீட்டில் மாற்றம் எதுவும் இல்லை. அம்மா போய் ஐந்து மாதமாகிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், எல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுபோல் நடக்கிறது. கீழ்வீட்டுக்காரர் நேற்று படியில் நிறுத்தி, ஒரு தடவை வாய்விட்டு அழுதுடுங்க சார், உள்ளேயே வெச்சுக்காதீங்க என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுப்பாடம் செய்யாத மாணவனைப்போல் அவரைப் பார்த்தால் இப்போது ஒதுங்கிப் போகிறேன்.

நர்ஸுகளுக்கு வேலை நேரம் பிரிக்கும் அந்த மென்பொருளை, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை வைத்து வேறொன்று செய்து மற்றவருக்குக் கொடுத்தால் அந்த நிரலையும் திறந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் நானும் அம்மாவும் வெளியிட்டோம். இந்தக் கம்பெனிக்கு அதைத் தன் சரக்குக்குள் வைத்து விற்க ஆசை, திறந்து காட்ட மனமில்லை. ஆகவே பழைய உரிமம் எல்லோருக்கும் அப்படியே இருக்கும், இவர்களுக்கு மட்டும் அந்த நிபந்தனை இல்லாமல் விலைக்கு ஒன்று. தவறில்லை என்று தோன்றுகிறது. எனக்குத் தோன்றுவதை நான் அதிகம் நம்புவதில்லை. எழுதியவர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அம்மாவின் இடத்தில் இப்போது நீயும் நானும்.

கம்பெனியின் வக்கீலம்மா போனில், மேடம் எழுதினது நூத்திப் பதினாலு வரிதானே சார், அதை எடுத்துட்டுக் குடுங்க, பொண்ணு கையெழுத்துக்கு அலைய வேண்டாம் என்றார். எனக்கு இப்போதெல்லாம் எதற்கும் மறுப்பு வருவதில்லை. இருந்தாலும் பழக்கதோஷம், அந்த வரிகளை நீக்கி ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பிழை எதுவும் காட்டவில்லை. ஆள் கணக்கு சரி, மணிக்கணக்கு சரி. ஆனால் அச்சிட்டு எடுத்த அட்டவணையில், காலை ஏழுக்கு இரவு ஷிப்ட் முடித்த ஒரு நர்ஸ் அன்று மதியம் இரண்டுக்கு மறுபடி வர வேண்டியிருந்தது. என் முதல் அட்டவணையிலும் இப்படித்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அம்மா, கணக்கு வாத்தியாரே, இந்தப் பொண்ணு எப்பத் தூங்குவா, பஸ்ஸுலயா என்று கேட்டாள். இருபத்தெட்டு வருஷம் வார்டில் நின்றவள். நான் விதிவிலக்குகளைப் பிறகு பார்க்கலாம் என்றேன். அவளே நிரல் கற்றுக்கொண்டு அந்த வரிகளை எழுதினாள். மற்ற ஆறாயிரம் வரியும் நான் எழுதியவை. அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குள் ஏதாவது செய்திருக்கும் என்று நீ நினைப்பாய். மடித்து வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன்.

கையெழுத்துப் போடுவதானால், அந்த வரிகளை நீக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லலாம். கேட்க எனக்குத் தைரியம் போதாது, நீ சொன்னதாகச் சொல்லிக் கேட்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதிவிடுகிறேன். பதினைந்தாம் தேதிக்குள் சொல். குழந்தையின் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதே. மூவரும் ஒரு குறையுமில்லாமல் இருங்கள்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. அம்மாவின் பங்கு சிறியதில்லை.

இப்படிக்கு,
அப்பா