வெயில் படும் இடத்துக்கு ஒரு பிடி விதை

பக்கத்து மனையில் வீடு கட்டிக் குடிவந்திருப்பவர் இன்று காலை வாசலில் புல்விதை தூவிக்கொண்டிருந்தார். முன்பு போட்ட புல் அங்கங்கே சொட்டை விழுந்து கிடக்கிறது. அதன் மேலேயே மண்ணைக் கீறிவிட்டு மறுபடியும் தூவுகிறார். தண்ணீர் தெளித்ததும் ஈரமண்ணும் உமியும் கலந்தாற்போல ஒரு வாசனை சுவரைத் தாண்டி வந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"பெரியவரே, நாள் பூரா வெயில் அடிக்கிற எடம் இது. இன்னா வெதை போட்டா நிக்கும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் "தெரியலையேப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்திய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் உனக்கு இதை எழுதுகிறேன்.

ஜவ்வாது மலைக்கு என்னை மாற்றியபோது நீ ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஆஸ்பத்திரி என்று பெயர்தான். ஓட்டுக் கட்டடம், ஒரு பெஞ்சு, நான் கம்பவுண்டர். டாக்டர் வாரத்தில் ஒருநாள் வருவார், பஸ் வந்தால். நம் மகள் செல்விக்கு அப்போது மூன்று வயது நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கார்த்திகை மழையில் சாலை சரிந்து பஸ் நின்றுபோனது. செல்விக்கு ஜுரம் கண்டது அப்போதுதான். என்னிடம் இருந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தேன். ஊருக்கே மருந்து கலந்து கொடுத்த கை என் பிள்ளைக்கு உதவவில்லை. இனித் தாமதிக்கக் கூடாது என்று டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஒடுகத்தூர் பக்கம் இறங்கினோம். நீ டோலியைப் பிடித்தபடியே நடந்தாய். "குளுருதும்மா, குளுருதும்மா" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். உன் மேல் இருந்த புடவை முந்தானையைக்கூட அவளுக்குச் சுற்றினாய். பாதி இறக்கத்தில் அந்தக் குரல் நின்றது. தூக்கி வந்தவர்கள் டோலியை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீதான் முதலில் பேசினாய். "திரும்பிப் பூடலாங்க. இனிமே கீழ போய் இன்னா செய்யறது?"

எங்கே அடக்கம் செய்வது என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்கள். ஓடைக்கரையில் நிழலான இடம் ஒன்று காட்டினார்கள். நீ ஒப்பவில்லை. "வெயில் படுற எடமாப் பாருங்க. கொழந்தைக்குக் குளுருது" என்றாய்.  நம் குடியிருப்புக்குப் பின்னால், மரமே இல்லாத மேட்டுச் சரிவில், விடிந்ததிலிருந்து சாயும்வரை வெயில் காயும் இடத்தில் அவளை வைத்தோம்.

மழை விட்டதும் அந்தச் சரிவில் மண் கரைய ஆரம்பித்தது. தானாக முளைத்த புல் நாலு மயிர் போல நின்றது. நடுவெல்லாம் சொட்டை. நீ தினமும் போய் மண்ணை அள்ளி அணைத்துவிட்டு வருவாய். ஒருநாள் என்னிடம், "இது மேல நல்லாப் புல்லு புடிச்சிட்டா மண்ணு போவாதுங்க. வெதை வாங்கியாங்க" என்றாய். அவள் போன பிறகு நீ என்னிடம் கேட்ட முதல் பொருள் அதுதான்.

காட்டிலாகா பங்களாவின் தோட்டத்துக்காரரிடம் கேட்டு ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். ஏதோ குளிர்ந்த ஊரிலிருந்து வரவழைத்த விதை என்றார். களைக்கொத்தால் மண்ணை மேலாகக் கீறி, விதையை மணலோடு கலந்து, இருந்த புல்லின் மேலேயே நீ தூவினாய். சலித்த மண்ணை ஒரு விரற்கடை மேலே போட்டாய். பத்துப் பன்னிரண்டு நாளில் பச்சைப்பசேல் என்று வந்தது, குழந்தைத் தலையில் முடி வருகிற மாதிரி. நீ உள்ளங்கையை அதன் மேல் வைத்துத் தடவினாய். அன்று நீ சிரித்தாய் என்றுகூட நினைத்தேன்.

பங்குனி வெயில் அதைக் கருக்கிவிட்டது. ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாய். ஊற்ற ஊற்றக் கருகியது. பங்களாவில் மர நிழலில் வளர்ந்த புல் அது. வெயிலுக்குப் பிறந்ததில்லை என்பது நம் இருவருக்குமே அப்போது தெரியாது. காய்ந்த புல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டாவது தபாவும் என்னால காப்பாத்த முடியலைங்க" என்றாய்.  

அடுத்த ஆடியில் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா உன்னைச் சரிவுகளில் அழைத்துக்கொண்டு திரிந்தாள். மலையில் பிறந்து வளர்ந்தவள். அவளும் ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள்தான். ஊசிப்புல்லைக் காட்டி, "இது எந்த வெயிலுக்கும் சாவாதும்மா" என்றாளாம். அதன் கூரிய முனை உன் விரலில் ஏறியது. "வோணாம். அவளுக்கு இன்னும் குத்தணுமா?" என்று நீ கையை உதறிக்கொண்டாய். பிறகு பூனைவால் மாதிரிக் கதிர் விட்டிருந்த கொழுக்கட்டைப் புல்லை அவள் உருவிக் கொடுத்தாள். மிருதுவான விதை. "வெயில் அடிக்க அடிக்கத் தழையும். ஆனா மாடு வுடாதும்மா, தேடி வந்து மேயும்" என்றாள். விதையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாய். தூவினோம். சுற்றிலும் முள் வெட்டிப் போட்டு நான் வேலி கட்டினேன்.

அந்தப் புல் நின்றது. தூர் கட்டிச் செழித்தது. சொட்டையெல்லாம் மூடிக்கொண்டது.

பிறகு மழை பொய்த்த வருஷம் வந்தது. மலையே செம்பட்டையாகிக் கிடந்தபோது நீ குடம் சுமந்த அந்த ஒரு பாய் அகலம் மட்டும் பச்சையாக இருந்தது. பொன்னம்மாவின் சினைமாடு எழமுடியாமல் படுத்துவிட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நீ அரிவாளை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்து நான் பின்னாலேயே ஓடிவந்தேன். மண்டியிட்டு, ஒவ்வொரு பிடியாக, அடி விட்டு அறுத்தாய். அழவில்லை. கட்டிச் சுமந்து போய் மாட்டின் முன்னால் போட்டாய். பொன்னம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா இப்படிப் பண்ணிட்டே" என்று கதறினாள். "செல்விக்கு மாடுன்னா உசுரு பொன்னம்மா" என்றாய். அவ்வளவுதான். மழை வந்ததும் அறுத்த தூரிலிருந்து புல் மறுபடி தழைத்தது. நம் வாழ்க்கையில் திரும்பி வந்தது அது ஒன்றுதான்.

அதையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. என்னைக் கீழே மாற்றினார்கள். போக மாட்டேன் என்று நீ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "நான் பாத்துக்கறேம்மா, நீ போ" என்று பொன்னம்மாதான் உன் விரல்களைப் பிரித்துவிட்டாள். ஒவ்வொரு ஆடியிலும் விதை உருவிக்கொண்டு போய்த் தூவிவிட்டு வந்தோம். பஸ் இல்லாவிட்டால் நடந்தே ஏறினோம். உனக்கு மூட்டுவலி கண்டபின் சில வருஷம் விட்டுப்போயிற்று.

கடைசியாக நாம் ஏறிய அன்று பொன்னம்மாவின் வீடு பூட்டிக் கிடந்தது. காப்பித் தோட்ட வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்களாம். பின்னால் போனோம். வேலி இல்லை. புல் இல்லை. மேட்டிலிருந்து ஓடை வரைக்கும் உழுது விதைத்திருந்தது. எந்த இடம் என்றே தெரியவில்லை. நான் குடியிருப்புச் சுவரிலிருந்து கணக்குப் பார்த்து இங்கே என்றேன்; நீ அங்கே என்றாய். ஏர் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஆளுக்கு நம்மைத் தெரியாது. நிலம் இப்போது அவருடையது, அவர்மேல் தப்பில்லை. "இன்னா வேணுங்க?" என்று கேட்டார்.

"இன்னா வெதைச்சிருக்கீங்க?" என்று நீ கேட்டாய்.

"சாமைங்கம்மா."

நீ முந்தானை முடிச்சை அவிழ்க்காமலே நின்றாய். "நல்லா வெயில் படுற எடம். நல்லா வெளையும்" என்று அவரிடம் சொன்னாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, முடிச்சைப் பிரித்து, விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் விட்டாய். அன்றோடு அவள் பெயரை நீ சொல்வது நின்றது. வருஷக்கணக்காக ஒரே வீட்டில் இருந்தோம், ஒருநாளும் சொல்லவில்லை. நீ படுக்கையில் கிடந்த கடைசி வாரத்தில் உன் வாயிலிருந்து அது ஒருமுறையாவது வரும் என்று பக்கத்திலேயே காத்திருந்தேன். வரவில்லை.

நாம் அவளை ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. மலையில் அதற்கு வசதி ஏது? முகம் இப்போதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில் நிற்பதில்லை. மூக்கை நினைத்தால் கண் கலைந்துவிடுகிறது. ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்த மருந்துச் சீசாக்களை எண்ணத் தெரியாமல், விரல் வைத்து, "ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு" என்று கடைசிவரைக்கும் எண்ணிப் போவாளே, அந்தக் குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. பொன்னம்மா எங்கே இருக்கிறாளோ தெரியாது; அவளை விட்டால், அப்படி ஒருத்தி இந்த உலகத்தில் இருந்தாள் என்று தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். நீ போய்விட்டாய். இப்போது அவள் என் ஒருவனிடம் மட்டும்தான் இருக்கிறாள். எனக்கும் மறதி கூடிக்கொண்டு வருகிறது.