காற்றுப் படக்கூடாது

எளாவூர்
17 ஜனவரி 2024

அன்பு மோனிக்கு, அண்ணி எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தீவில் சிக்னல் கிடைக்காது, தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புங்கள், சனிக்கிழமை அலுவலகத்துக்குப் படகில் போகும்போது படிக்கிறேன் என்றாய். சரி, எழுதுகிறேன். போனாக இருந்தால் உன்னை வாய் நிறையத் திட்டியிருப்பேன். தாளில் திட்டினால் எனக்குத் திருப்தியாக இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்தவள் ஒழுங்காக உட்கார்ந்தாயா? பிரியாணித் தட்டை வைத்த கையோடு, பட்டறையைப் பார்க்க வேண்டும் என்று உன் அண்ணனை இழுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு ஓடினாய். அவர் இப்போது வேலை செய்கிற துளசிராமன் பட்டறைக்கு உன் சிபாரிசில் கிடைத்த வேலையாம். அதிலிருந்து உன் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடம் உருக்காலையில் வெந்த மனுஷன், இப்போது கடலுக்கடியில் வைக்க இரும்புச் சட்டம் செய்கிறார். கம்பியைப் பற்றவைத்து, ரெசின் என்கிற பிசினைப் பூசி, அது காய்வதற்குள் மேலே மணல் தூவ வேண்டுமாம். அதில் பவளத் துண்டைக் கட்டினால் வளருமாம். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரை விடுவதில்லை. "என் தங்கச்சி கீதே, அது கடல்ல பவளத்துக்கு ஊடு கட்டுது. நான்தான் கொத்தனாரு" என்கிறார். கேட்டுக் கேட்டு எனக்கே காது புளித்துவிட்டது.

அன்றைக்கு நீ உன் கையாலேயே ஷெட்டின் ஷட்டரை இறக்கி, "ரெசின் காயற வரைக்கும் காற்றே படக்கூடாது அண்ணா, ஒரு தூசி விழுந்தாலும் பவளம் ஒட்டாது" என்று சொல்லிவிட்டுப் போனாயாம். அதைப் பிடித்துக்கொண்டார். கூட வேலை செய்கிற ஜெயராஜ் வந்து சொல்லிச் சிரிக்கிறார்: "'வேர்த்து ஊத்துது அண்ணே, கொஞ்சம் தூக்கு'ன்னா, 'தொறந்தே, கைய ஒடிச்சுடுவேன், என் தங்கச்சி சொல்ட்டுப் போச்சு'ன்றாரு அண்ணி. ஃபேனைக்கூட நிறுத்திடறாரு." நீ சொன்னால் அவருக்கு வேறு பேச்சே கிடையாது. நான் சொல்லி வீட்டுக் குழாயைச் சரி செய்ய வருடமாகிறது.

ஈஸ்டருக்கு வந்துவிடு.

உன் அண்ணி
கிரேஸ்


மாலத்தீவு
3 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படகிலேயே படித்துச் சிரித்தேன். உங்கள் திட்டு இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

முதல் லோடு வந்து சேர்ந்தது. சட்டங்களைக் கடலில் இறக்கிய அன்றைக்கே மீன்கள் வந்து சுற்றின. எங்கள் பவளக் காப்புக் கூட்டமைப்பில் உள்ள அமைப்புகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள், ஆஸ்திரேலியா, கென்யா, மெக்சிகோ, ஜப்பான் என்று. ஜப்பான்காரர் ஒருவர் பூச்சைத் தடவிப் பார்த்து யார் செய்தது என்று கேட்டார். என் அண்ணன் என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒன்றுதான் குறை. சில சட்டங்களில் பூச்சுக்குள் தூசி இருந்தது, அவற்றை ஒதுக்கிவிட்டோம். யாரோ நடுவில் ஷட்டரைத் திறந்திருக்க வேண்டும். அண்ணாவை இன்னும் கொஞ்சம் கறாராக இருக்கச் சொல்லுங்கள். ஏப்ரலில் கடல் சூடேறும். அதற்குள் எல்லாம் தண்ணீருக்குள் போயாக வேண்டும்.

பவளம் என்றால் கல் என்று நினைக்கிறீர்கள் அண்ணி. அது உயிர். ஊசிமுனை அளவுப் பிராணிகள் சேர்ந்து கட்டுகிற ஊர். தண்ணீர் ஒரு டிகிரி கூடுதலாகச் சூடாகி அப்படியே நின்றால் போதும், வெளுத்துப்போய்ப் பட்டினியில் சாகும். வாயில்லாத ஜீவன். அதற்காகப் பேச உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறோம் என்பதுதான் ஆறுதல்.

ஈஸ்டருக்கு வர முடியாது. கோபப்படாதீர்கள்.

உங்கள் செல்ல
மோனி


எளாவூர்
24 பிப்ரவரி 2024

அன்பு மோனிக்கு,

நீ எழுதியதை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ஜப்பான்காரர் தடவிப் பார்த்தார் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். மறுநாளிலிருந்து ஷட்டரின் அடி இடுக்கில் சாக்கு வைத்து அடைக்கிறார்.

மோனி, அவருக்கு உடம்பு சரியில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறார். விரலெல்லாம் தோல் உரிகிறது. ஜெயராஜ் போன வாரம் உள்ளேயே மயங்கி விழுந்தார், வெளியே இழுத்துப் போட்டார்கள். அவர் கும்பிடு போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். உன் அண்ணன் போவாரா?

நேற்று சாப்பாடு எடுத்துக்கொண்டு நானே போனேன். தட்டினால் ஷட்டரை ஒரு முழம் தூக்குகிறார். அந்த நெடி முகத்தில் அடித்ததில் எனக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. உள்ளேயிருந்து கை மட்டும் வருகிறது, கேரியரை வாங்க. "மூடு மூடு, தூசி வருது" என்கிறார், அதற்குள் இருமல். நான் ரோட்டில் நின்று கத்தினேன். "பேஜாரு பண்ணாதே கிரேஸ், ஊட்டுக்குப் போ" என்று இறக்கிவிட்டார். துளசிராமனிடம் போய்க் கேட்டேன். "இன்னாம்மா செய்யச் சொல்றே? ஃபேனு மாட்டித்தான் கீது. இங்க ஓனரு நானா, உன் நாத்தனாரா?" என்கிறார்.

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ஒரே ஒரு வரி எழுது. "அண்ணா, ஷட்டரைத் திறந்து வைத்து வேலை செய்." அவ்வளவுதான். பாஸ்டர் சொல்லிக் கேட்கவில்லை, டாக்டர் சொல்லிக் கேட்கவில்லை. நீ சொன்னால் அந்த நிமிடமே திறப்பார். உன் காலைப் பிடித்துக் கேட்பதாக வைத்துக்கொள்.

அண்ணி


மாலத்தீவு
9 மார்ச் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

பதறாதீர்கள். படித்ததும் எனக்குக் கையே ஓடவில்லை.

பூசி முடித்ததும் ஆட்கள் வெளியே வந்துவிட வேண்டும், அதன் பிறகுதான் ஷெட்டை மூட வேண்டும். துளசிராமனுக்குக் கொடுத்த கையேட்டில் இது தெளிவாக இருக்கிறது. மூடிய ஷெட்டுக்குள் உட்கார்ந்து யாராவது பூசுவார்கள் என்று நான் எப்படி எதிர்பார்ப்பேன்?

நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை எழுதுவது சுலபம். ஆனால் நான் எழுதினால் நடைமுறையை நடுவில் மாற்றியதாக ஆகும். பூச்சை மறுபடி ஆய்வுக்கு அனுப்ப வேண்டும், இந்தப் பருவம் போய்விடும். ஏப்ரலில் எல்லா அமைப்புகளும் கூடி, இன்னும் மூன்று பவளத் திட்டுகளுக்கு இந்த வேலையைக் கொண்டுபோகலாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள். அதற்கு என்னைப் பொறுப்பாளராகப் போடலாம் என்று பேச்சு. நான் நேரடியாகத் தொழிலாளரிடம் போய்ச் சொன்னேன் என்று தெரிந்தாலே கேள்வி வரும்.

இன்னும் ஒரே லோடு அண்ணி. நல்ல மாஸ்க்காக வாங்கிக் கொடுங்கள். நொச்சி போட்டு ஆவி பிடிக்கச் சொல்லுங்கள். அம்மா போன பிறகு என்னைத் தோளில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தவர் அவர். அண்ணாவுக்கு ஒன்றும் ஆகாது.

நான் எழுதிய இதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டாம். மோனி ரொம்பச் சந்தோஷப்பட்டாள் என்று மட்டும் சொல்லுங்கள். அவருக்கு அதுவே போதும்.

மோனி


ஆஸ்பத்திரியிலிருந்து
30 மார்ச் 2024

மோனி,

உன் கடைசி லோடு துறைமுகத்துக்குப் போய்விட்டது. லாரி கிளம்பியதைப் பார்த்துவிட்டுத்தான் விழுந்தார்.

நுரையீரல் இரண்டும் வெந்து போயிருக்கிறது என்கிறார் டாக்டர். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். துளசிராமன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து, கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே, விசாரிக்க வந்த தொழிற்சாலைத் துறை அதிகாரியிடம் சொல்கிறார்: "ஃபேனு இருந்துச்சு சார், ஷட்டர் இருந்துச்சு. அவராவே மூடிக்கினு உக்காந்தாரு. நான் இன்னா செய்ய?" அதிகாரி உன் அண்ணனைப் பார்த்து, யார் மூடச் சொன்னது என்று கேட்டார். மாஸ்க்கை விலக்கிவிட்டு, "நானாத்தான் சார்" என்றார். நான் வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

வேலைக்காக மூடினார் என்று ஆனால்தான் பட்டறைப் பொறுப்பில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்களாம். தானாகச் செய்துகொண்டது என்றால் இங்கேயே கிடக்க வேண்டியதுதான். ஏன் மூடினார் என்று உனக்குத் தெரியும். அதை மட்டும் எழுதி அனுப்பு. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. தெரியாமல் சொன்னாய் என்றே எழுது. சீக்கிரம்.

கிரேஸ்


பவளக் காப்பு உலகக் கூட்டமைப்பு
மாலத்தீவு
16 ஏப்ரல் 2024

மதிப்பிற்குரிய திருமதி கிரேஸ் அவர்களுக்கு,

தங்கள் கணவர் திரு. அன்பு அவர்களின் உடல்நலக் குறைவு குறித்த தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். வருந்துகிறோம்.

எங்கள் கூட்டமைப்பும் அதன் அலுவலர்களும் ஒப்பந்தப் பட்டறைத் தொழிலாளர்கள் எவருக்கும் நேரடியாக வாய்மொழி அறிவுரை வழங்கியதில்லை. பூச்சு நடைமுறைகள் ஒப்பந்ததாரருக்கு எழுத்து வடிவில் மட்டுமே அளிக்கப்பட்டன. திரு. அன்பு ஷெட்டை மூடி வைத்தது அவருடைய சொந்த முடிவு என அறிகிறோம்.

அவர் விரைவில் நலம் பெற விழைகிறோம்.

இப்படிக்கு,
முனைவர் சா. மோனிகா
திட்டப் பொறுப்பாளர்


மாலத்தீவு
11 மே 2024

அன்புள்ள அண்ணி,

ஜெயராஜ் அண்ணன் செய்தி அனுப்பியிருந்தார். நான் போன சனிக்கிழமைதான் பார்த்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அழுது அழுது என் முகமே வீங்கிவிட்டது.

அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை அண்ணி. அலுவலகத்தில் எழுதினார்கள், நான் கையெழுத்துத்தான் போட்டேன். உங்களுக்குப் புரியும் என்று தெரியும். வந்திருப்பேன். ஆனால் இங்கே கடல் சூடாகிப் பவளம் திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடக்கிறது. எல்லா அமைப்புகளும் என் கணக்கெடுப்பைத்தான் நம்பியிருக்கின்றன. இந்த நேரத்தில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

அண்ணாவுக்காக ஒன்று செய்திருக்கிறேன். அவர் செய்த சட்டம் ஒன்றில் 'அன்பு' என்று பெயர்த்தகடு பொருத்திக் கடலில் இறக்கினோம். எல்லாரும் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தார்கள். படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். அந்தச் சட்டத்தில் மட்டும் பவளம் இன்னும் வெளுக்கவில்லை. அண்ணா அங்கே நிம்மதியாக இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள்
மோனி


எளாவூர்
20 மே 2024

மோனிகாவுக்கு,

ஒரு வரி கேட்டாய். நான் கேட்டபோது நீ தரவில்லை, ஆனாலும் நான் நிறையவே எழுதுகிறேன்.

திருமதி கிரேஸுக்கு வந்த கடிதத்தை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. தினமும் கேட்டார், "மோனி இன்னா எழுதிக்கீது?" என்று. நீ சொல்லிக் கொடுத்ததையே சொன்னேன், மோனி ரொம்பச் சந்தோஷப்பட்டாள் என்று. ஒவ்வொரு தடவையும் சிரித்தார். அவருக்கு அது போதும் என்று நீ எழுதினாயே, உண்மைதான், போதுமாகத்தான் இருந்தது.

அதிகாரி இரண்டாவது தடவையும் வந்தார். அப்போதும் "நானாத்தான்" என்றார். அதனால் உனக்கு ஒரு கேள்வியும் வராது, பயப்படாதே. வாயில்லாத ஜீவனுக்காகப் பேச உலகம் முழுக்க ஆட்கள் இருப்பதாக எழுதியிருந்தாய். உன் அண்ணன் வாய் இருந்தும் உனக்காகப் பேசாமல் செத்தார்.

கடைசி நாள் முழுக்க, "காத்து, காத்து" என்றார். வார்டில் இருந்த எல்லா ஜன்னலையும் திறந்தோம். காற்று நன்றாகத்தான் வந்தது, படுக்கை விரிப்பெல்லாம் பறந்தது. அதை உள்ளே இழுக்கத்தான் அவரிடம் ஒன்றும் மிச்சம் இல்லை.

தங்கச்சி வரட்டும் என்று பாஸ்டர் சாயங்காலம் வரை பெட்டியை மூடவிடவில்லை. நீ வரவில்லை. யாராவது மூடுங்கம்மா என்றார்கள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். துளசிராமன் வந்து மூடினார். அது நீ செய்ய வேண்டியது. அந்த ஷட்டரை இறக்கிய கைக்கு இது பழகின வேலைதானே.

படம் பார்த்தேன். அவர் பெயரை அந்தத் தண்ணீரிலிருந்து எடுத்துவிடு. என் புருஷன் எளாவூர் கல்லறையில் இருக்கிறார், உன் கடலில் இல்லை.

இங்கே நான் இப்போது கதவு ஜன்னல் எதையும் மூடுவதில்லை. மழை வந்தாலும் திறந்தே கிடக்கிறது. நீ வந்தால் மட்டும் மூடுவேன்.

அன்புவின் மனைவி
கிரேஸ்